இரண்டு போத்தல் வெடிமருந்து

சுட்டு முடிந்ததும் தோட்டாவின் பித்தளைக் கோது மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தமாக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது வெடிமருந்தும், பாய்ந்து போகிற முனையாகப் புதுச் சன்னமும் வைத்தால் மறுபடி தோட்டாவாகிவிடும் என்று எங்கள் வேட்டைச் சங்கத்தில் சொன்னார்கள். இந்த டேனிஷ் நாட்டில் அதற்கு முறையான அனுமதி உண்டு, படித்துக்கொள்ளவும் வழி உண்டு. எனக்கு பிராண்டே என்ற ஊரில், காற்றாலை செய்கிற தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிற வேலை. ஒரு ஆணி மயிரிழை அளவு பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆகவே இது எனக்கென்றே அமைந்த பொழுதுபோக்கு என்று நினைத்தேன்.

உண்மையான காரணம் வேறு. மகள் ரண்டர்ஸ் நகரத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நானும் அவளும் ஒரே வருடம் வேட்டை அனுமதிப் பரீட்சை எழுதியவர்கள். அவள் முதல் தடவையிலேயே தேறினாள், நான் இரண்டாம் தடவை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என்னோடு சுடுதளத்துக்கு வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சே அந்த ஞாயிறுகள்தான். அவள் சுடுகிற தோட்டாவை என் கையால் செய்துகொடுத்தால் அந்த ஞாயிறுகள் நிலைக்கும் என்று எனக்கு ஒரு ஆசை.

"நாங்கள் ஊர்ச் சண்டையில கேட்ட வெடிச்சத்தம் காணாதே? இஞ்சயும் துவக்கோட திரியிறியள்" என்று ஒரு பிறந்தநாள் விழாவில் உறவுக்காரர் ஒருவர் கேட்டார். மான் சுடத்தான் அண்ணை என்றேன். அந்த மான் இறைச்சிக் கறியை அவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

முதலில் எந்தத் தோட்டாவில் கை பழகுவது என்பதுதான் கேள்வி. சங்கத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: பரவலாகப் புழங்குகிற, கோது தாராளமாகக் கிடைக்கிற, கையேட்டுப் புத்தகத்தில் மருந்து அளவுகள் நிறைய உள்ள ஒன்றை எடு, ஒன்றை மட்டும் எடு. என்னுடைய துப்பாக்கிக்கு முந்நூற்றெட்டு என்று சொல்லும் தோட்டா. அவளுடையதற்கு ஆறரை மில்லிமீட்டர். இந்தப் பக்கத்து நாடுகளில் நூறு வருடத்துக்கு மேலாகப் புழங்குவது, தோளில் அவ்வளவாக இடிக்காது. இரண்டுமே அந்தச் சொல்லுக்குப் பொருந்தின. மகளை மகிழ்விக்க அவளுடையதில் தொடங்குவது என்று முடிவெடுத்தேன். பிறகு, கடைக்குப் போனதுதான் போனோம் என்று இரண்டுக்கும் உரிய வெடிமருந்தை வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு தோணியில் கால் வைப்பது நமக்குப் புதிதா என்ன?

வெடிமருந்து வந்த பிளாஸ்டிக் கலன்கள் பூட்டுப் போட்ட அலுமாரியின் தட்டுக்குள் அடங்கவில்லை. எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் அது வந்த டப்பாவில் இருந்ததில்லை. ஐஸ்கிறீம் டப்பாவில் மீன், பிஸ்கட் டின்னில் ஊசிநூல், ஜாம் போத்தலில் மிளகாய்த்தூள். பெயர் எழுதி ஒட்டுகிற பழக்கமும் இல்லை. திறந்து மணந்து பார்த்தால் தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் என் கையும் வேலை செய்தது. கழுவிக் காயவைத்திருந்த இரண்டு கோப்பித்தூள் போத்தல்களை எடுத்து, ஒன்றில் அவளுடையதையும் மற்றதில் என்னுடையதையும் கொட்டி இறுக மூடினேன். இடது பக்கம் அவளுடையது, வலது பக்கம் என்னுடையது. கலன்களை அன்றே குப்பைக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மகள் வந்தாள். மேசையில் கருவிகளை எல்லாம் பெருமையாகப் பரப்பி வைத்திருந்தேன். அவள் அலுமாரிக்குள் பார்த்தாள்.

"இதில் எது எது?" என்று டேனிஷில் கேட்டாள்.

"இடப்பக்கம் இருக்கிறது உன்ர. மற்றது என்ர."

"எப்படித் தெரியும்?"

"நான்தானே வைச்சனான்!"

சமையலறை வாசலில் நின்ற மனைவி, "வியாழக்கிழமை அலுமாரி துடைக்கேக்க ரெண்டையும் வெளியில எடுத்து வைச்சனீங்கள்தானே" என்றாள். அவள் முதியோர் இல்லத்தில் மாத்திரை பிரித்துக் கொடுக்கிறவள். இப்படிப்பட்ட விஷயங்கள் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"உன்னை ஆர் இப்ப கேட்டது?" என்று கத்தினேன். எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன் என்று அடித்துச் சொன்னேன். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத சாதி நான். ஆனால் இரண்டு போத்தலிலும் ஒரேமாதிரிக் கறுப்பு மணிகள், கடுகைவிடச் சிறியவை. மணந்து பார்க்கக்கூடப் போத்தலைக் கையில் எடுத்தேன் என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

என்னுடையது வேகமாக எரிவது. அவளுடையது மெதுவாக எரிவது. மாறி அவளுடைய கோதுக்குள் வேகமானது போனால், துப்பாக்கி அவளுடைய கன்னத்துக்குப் பக்கத்திலேயே வெடித்துப் பிளக்கலாம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் அன்று அபூர்வமாகத் தமிழில் பேசினாள். "சின்னனில ஐஸ்கிறீம் டப்பாவைத் திறந்து மீனைக் கண்டிட்டு அழுதனான் அப்பா. அது அழுதாச் சரி. இதில பிழை விட்டா?"

சாப்பிடாமலே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

வேலையில் ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஒருவர், "அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும்" என்று ஒரு பெட்டி ஆணியை என்னிடம் நீட்டினார். அநேகமாக என்றால் என்ன என்று எரிந்து விழுந்தேன். விழுந்த பிறகுதான் உறைத்தது. நான் வீட்டில் சொன்னதும் அதே அநேகம்தான்.

வெடிமருந்து வாங்கிய கடைக்கே தொலைபேசி எடுத்து, என்ன செய்வது என்று கேட்டேன். கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். எது எந்த மருந்து என்று கேட்டார் கடைக்காரர். தெரியாது என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்திருந்தது. அவர் சிரிக்கவில்லை, இரண்டையும் அழிக்கிறதுக்கென்று ஒதுக்கி வைத்தார்.

அன்றுதான் முதல் தோட்டாவை உண்மையில் தெரிவு செய்தேன். முந்நூற்றெட்டு, என்னுடையது. மற்றதைவிடச் சிறந்தது என்று அல்ல. பழகும்போது பிழை நேர்ந்தால் என் முகத்தோடு போகட்டும். ஒரே ஒரு வெடிமருந்து வாங்கினேன். அலுமாரியின் நடுத்தட்டைக் கழற்றி, கலனை வந்தபடியே நிறுத்தி வைத்தேன். புத்தகத்தில் இருந்த குறைந்த அளவில் பத்துத் தோட்டா செய்து, ஒவ்வொன்றையும் மூன்று தரம் அளந்து, பெட்டியில் எல்லா விபரமும் எழுதி ஒட்டினேன். தனியாகப் போய்ச் சுட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு பத்துச் செய்தேன்.

பிறகு மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "போத்தலுகளைக் குடுத்திட்டன். பிழை என்ரதான்" என்றேன். வருகிறேன் என்று டேனிஷில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்தில் அவள் தன் துப்பாக்கியை வெளியில் எடுக்கவேயில்லை. என் பெட்டியை எடுத்து, ஒட்டியிருந்த தாளை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு என்னுடைய துப்பாக்கிக்குக் கையை நீட்டினாள்.

"வேண்டாம் பிள்ளை. நான் சுடுறன், நீ பார்" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. கொடுத்தேன். அவள் பாயில் படுத்து, என் கையால் செய்த தோட்டாவை உள்ளே தள்ளி, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்தாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்தது குறைவு. நிறுத்து என்று கத்த வாய் திறந்தேன். அதற்குள் சுட்டுவிட்டாள்.

குறிப்பலகையில் ஒரு துளை, நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளி. அவள் துப்பாக்கியின் பூட்டை இழுத்தாள். கோது பாயில் விழுந்தது. அதை எடுத்து ஊதி, சூடு ஆறுமுன் என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைத் திருப்பி நிரப்புங்கோ அப்பா" என்றாள், தமிழில்.