சவரியாயி ஒட்டிய கடைசி அம்பு

சவரியாயி கழுத்தில் எப்போதும் இரண்டு கயிறுகள் தொங்கும். ஒன்றில் மாதா படம் தைத்த துணித்துண்டான உத்தரியம், இன்னொன்றில் நூல் வெட்டுகிற ட்ரிம்மர். இரண்டில் எதன்மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம் என்று மருமகள் அன்புசெல்விக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

தாராபுரம் பக்கம் பிறந்தவர். கணவர் இறந்ததும் ஆறு வயது மகன் தங்கராஜின் கையைப் பிடித்துக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினார். அப்புறம் முப்பத்தொரு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியை மேசையில் விரித்து, ஓட்டையோ எண்ணெய்க்கறையோ தெரிந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டியது சரிசெய்யப் போகும். சரியானதும் அம்பைப் பிய்த்துவிடுவார்கள். தேறவே தேறாத துணிக்கு அம்பு கிடையாது, நேராகக் கழிவு மூட்டைதான்.

ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்துக்கு ஒரு பனியன். இதுதான் சவரியாயியின் கணக்கு. ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை முடியும்போது ஐம்பத்துமூன்று பனியன் முடிந்திருக்கும். சூப்பர்வைசர் வேல்குமார் கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிற முருக பக்தர். அவரே அவசர நாட்களில், "அம்மா, இன்னும் நாலு ஜெபமாலை ஓட்டிட்டீங்கன்னா வண்டி கெளம்பீருமுங்க" என்று வந்து நிற்பார்.

இதெல்லாம் கம்பெனியோடு நின்றிருந்தால் ஊருக்கு நிம்மதி. நிற்கவில்லையே! பர்ஸில் எந்நேரமும் ஒரு பட்டை அம்பு இருக்கும். மாதா தேரின் கோணல் ஜரிகையில் ஒன்று ஒட்டினார். கோவில் மைக்கில் ஒன்று, கரகரக்கிறதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாக்கை நீட்டி நற்கருணை அப்பம் வாங்கும்போது பங்குச்சாமியார் அங்கிக் கையில் ஒரு நூல் தொங்குவதைப் பார்த்துவிட்டார். ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் நறுக்கென்று வெட்டியாயிற்று. அன்றிலிருந்து சாமியார் அங்கியைப் போட்டதும் கண்ணாடி முன்னால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பீடத்துக்கு வருவார்.

ஆனால் அதிக அம்பு வாங்கியது அன்புசெல்விதான். இருபது வருடம்! தோசை கருகினால் தட்டின் ஓரத்தில் தோசையைப் பார்த்தபடி ஓர் அம்பு. சேலை மடிப்பில் அம்பு, பாத்திர அடியில் அம்பு. சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட மருமகளின் பாவத்தைத்தான் முதலில் சொல்வாராம். அதையும் வீட்டுக்கு வந்து அவரே ஒப்பித்தார். "உன்னப் பார்த்துத்தான் எனக்குக் கோவம் வருது. மூலகாரணத்தச் சொல்லோணுமா இல்லையா?"

கடைசி இரண்டு மாதம் ரொம்ப மோசம். குழாயடியில் நாலு பேர் பார்க்கக் குடத்தைப் பிடுங்கினார். "ஒரு கொடம் தூக்கத் தெரியுதா உனக்கு? தள்ளு, நாந் தூக்கிக்கறேன்." அன்றைக்கு அன்புசெல்வி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதற்கப்புறம் ஒரு காலை, வாயுப்பிடிப்பு என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்த சவரியாயி எழுந்திருக்கவில்லை. வயது எழுபத்தொன்று.

முப்பதாம் நாள் பூசையில் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க வேண்டும் என்றார் சாமியார். மூன்றே நிமிடம். தங்கராஜ் உடனே தலையைச் சொறிந்தான். "எனக்கு அழுகை வந்துருமுங்க சாமி. அன்பு நல்லா எழுதுவா."

நல்லாத்தான் எழுதினாள். 'பொறுமையின் சிகரம், அன்பின் ஊற்று' என்று நாலு வரி ஓடியது. அதற்குமேல் பேனா நகரவில்லை. நற்கருணை முன்னால் நின்று பொய் சொல்வதா? உள்ளதைச் சொன்னால் செத்தவரைச் சபையில் அவமானப்படுத்தியது ஆகாதா? விடிந்தால் பூசை.

ஞானஸ்நானத் தேதியாவது கிடைக்கட்டும் என்று மாமியாரின் ஜெபப்புத்தகத்தைப் புரட்டினாள். உள்ளே, மகள் கவிப்பிரியா சிறுமியாக முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் எடுத்த குடும்பப் போட்டோ. நாலு பேர் நிற்கிறார்கள். ஒரே ஒரு சிவப்பு அம்பு. அது அன்புசெல்விமேல்.

"பார்த்தீங்களா? போயும் உங்கம்மா என்னை விடலீங்க!" என்று போட்டோவைப் புருஷன் மடியில் போட்டாள்.

கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கவிப்பிரியா எடுத்துப் பார்த்தாள். "அம்மா, அப்பா வாயில பாருங்க. எத்தனை கோந்துத் தடம்!"

தங்கராஜ் குடித்துக்கொண்டிருந்த மூன்று வருடத்துத் தடங்கள் அவை. ஒட்டி, பிய்த்து, திரும்ப ஒட்டியதில் வாயே தேய்ந்து போயிருந்தது. வண்டியில் விழுந்த முழங்காலில் ஒரு தடம். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குக் கவிப்பிரியாவின் நெற்றியில் ஒன்று. "அப்பாயி ஜெபமாலை சொல்றப்ப இத முன்னால வெச்சிருப்பாங்க. நாங்கூடப் பார்த்திருக்கேன்."

அன்புசெல்வி போட்டோவைத் திரும்ப வாங்கினாள். அம்பு முகத்தில் இல்லை. அதன் முனை அவளுடைய வலது தோள்பட்டையில் நின்றது.

தையல் மிஷினில் குனிந்து குனிந்து எட்டு மாதமாகத் தெறிக்கிற தோள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, மாமியாருக்குத் தெரிந்தால் அதற்கும் ஒரு பிரசங்கம் கேட்க வேண்டுமே என்று குளியலறையில் ஒளிந்து தைலம் தேய்த்துக்கொண்டாள். குடத்தைப் பிடுங்கிய கை ஞாபகம் வந்தது.

அப்புறம்தான் போட்டோவில் சவரியாயியைப் பார்த்தாள். உத்தரியமும் ட்ரிம்மருமாக விறைப்பாக நிற்கிறார். அவர்மேல் ஒரு கோந்துத் தடம்கூடக் கிடையாது. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். வாயுப்பிடிப்பு என்று தடவிய நெஞ்சுப் பக்கமும் பளபளவென்று சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் பூசையில் சாமியார் அங்கிக் கையில் ஒரு நூல் தொங்கியது. ஒரு மாதத்தில் கண்ணாடி பார்க்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது போல. வரிசையில் வந்த ஒருவரும் அதை வெட்டவில்லை. அன்புசெல்வி அந்த நூலையே பார்த்தபடி நற்கருணை வாங்கினாள். எழுதி வைத்த தாளைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு மைக்குக்குப் போனாள்.

"எங்க அத்தை எங்கிட்டக் கண்டுபிடிக்காத குறையே இல்லீங்க" என்றாள்.

கோவில் முழுக்கச் சிரித்தது. பாடகர் குழுவும் சிரித்தது. சாமியார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"நாஞ் சொல்லாத வலியக்கூடக் கண்டுபிடிச்சு எனக்காக ஜெபிச்சிருக்காங்க." கரகரத்த மைக்கை ஒரு தட்டுத் தட்டினாள். "எங்க எல்லாத்தையும் அவங்க பார்த்தாங்க. அவங்கள நாங்க ஒருத்தருமே பார்க்கலீங்க."

மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடத்துக்குமேல் மிச்சம் இருந்தது. அதை அவள் அங்கேயே நின்று அழுது தீர்த்தாள். சாமியார் மணி பார்க்கவில்லை.