கள்ளைத் தொடாத ரொட்டிக்காரன்

ரொட்டி சுடுகிறவனை ஊரார் சோம்பேறி என்றுதான் நினைப்பார்கள். அவர்கள் எழுந்து பல் தேய்க்கும் நேரத்தில் அவன் வேலையை முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். மாவோடும் அடுப்போடும் மல்லுக்கட்டிய என் இனத்தார் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வது அவர்களுக்கு விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மலாயாவில் ஈப்போ நகரத்துச் சிலிபின் பக்கம் நான் ரொட்டிக்கடை வைத்த கதை இது. இதில் மாவு கொஞ்சம், சாமி கொஞ்சம், கள்ளு கொஞ்சம். என் பெண்டாட்டி அஞ்சலைதான் நிறைய.

பஸ்ராவில் விட்ட வார்த்தை

ஜெர்மன் சண்டைக்கு நான் போனது துப்பாக்கி பிடிக்க அல்ல. வட ஆற்காட்டில் ஆள் எடுத்தபோது என் புஜத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு ரொட்டிக் கொட்டகைக்கு எழுதிவிட்டார்கள். அரபு நாட்டுப் பஸ்ராவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே உள்ளே அடுப்பு எரியும், வெளியே வெயில் அதைவிட மோசமாக எரியும். ஒரு நாள் மாவு மூட்டை ஏற்றிய வண்டி குடைசாய்ந்து என் இடது காலின் மேல் விழுந்தது. கால் முறிந்ததோடு விஷக் காய்ச்சலும் வந்து சேர்ந்தது. பக்கத்துக் கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பயந்து நடுங்கினேன் என்பதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

என் அப்பனைக் கொண்டுபோனது கள்ளு. அந்த வழியில் கொஞ்ச தூரம் நானும் போயிருந்தேன். அதனால் முருகனிடம் சத்தமாகவே சொன்னேன், உயிரோடு விட்டால் இனிக் கள்ளைத் தொடமாட்டேன் என்று. மறுநாளே காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. இந்த உயிர் அந்த ஒரு வார்த்தையின் பேரில் கிடைத்தது என்று அன்றைக்கு நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். என்னோடு மாவு பிசைந்த முனுசாமிக்கு மட்டும் சிரிப்பு தாங்கவில்லை. "இந்த ஊர்ல கள்ளுக்கடையே கிடையாது. எதைடா நீ தொடாம இருக்கப்போற?"

கங்காணியின் கேள்வி

சண்டை முடிந்து நொண்டிக்காலோடு ஊர் திரும்பினேன். அங்கே எனக்கென்று எதுவும் காத்திருக்கவில்லை. மலாயாவுக்கு ஆள் கூட்டிப் போன கங்காணி ஒருவரோடு கப்பல் ஏறி, சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டினேன், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தேன். அஞ்சலையைக் கட்டிக்கொண்டது அங்கேதான். மரத்துக்கு மரம் ஓடுகிற வேலை அது. நான் தட்டுத் தடுமாறி வருவதற்குள் அவள் தன் நிரையை, தனக்கு ஒதுக்கிய மர வரிசையை, முடித்துவிட்டு, என் நிரையிலும் பாதி மரத்தை வெட்டியிருப்பாள். அதற்காக ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. மற்ற விஷயங்களுக்குத்தான் குத்திக்காட்டுவாள்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். நொண்டிக்காலன் பேர் முதலில் வந்தது. ஊருக்குக் கப்பலேற்றி அனுப்புகிறோம் என்றார்கள். கையில் ஒரு தொழில் இருக்கும்போது நான் ஏன் தோற்றுப்போனவனாகத் திரும்ப வேண்டும் என்று அஞ்சலையிடம் கேட்டேன். "சரி, போலாம்" என்று அவள் சட்டி பானையைக் கட்டினாள். ஈப்போவில் ரொட்டி போடப்போகிறேன் என்று கங்காணியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, மலாயாவில் இருப்பவர்கள் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு கேட்டார். "நம்ம சனம் சோறு திங்கிற சனம். ரொட்டி திங்கிற வெள்ளைக்காரனே வேலை போய்க் கப்பலுக்கு நிக்கிறான். நீ யாருக்குலா விக்கப்போற?"

பானை அல்ல, பாண்

சிலிபினில் ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. அடுப்பை நானே கட்டினேன். புற்றுமண்ணை அஞ்சலை சுமந்து வந்தாள், நான் மிதித்துப் பூசினேன். முதல் அடுப்பை மழை கரைத்தது. அடுத்தது காய்வதற்குள் வெடித்தது. பிறகு கட்டியதற்கு அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்பு ஊட்டினேன்; அது நின்றது. ஆனால் ரொட்டி எழும்பவில்லை. பட்டாளத்தில் மாவு பொங்குவதற்கு ஏதோ ஒரு காய்ந்த பூவைக் கொதிக்கவைத்த தண்ணீர் கொடுப்பார்கள். அந்தப் பூவுக்கு ஈப்போவில் நான் எங்கே போவேன்? உருளைக்கிழங்குத் தண்ணீர், நீராகாரம் எல்லாவற்றையும் ஊற்றிப் பார்த்தேன். மாவு அசைந்து கொடுக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் இருந்தார். ரயில் ஆபீசில் வேலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் எப்போதும் குடை. ஒரு நாள் காலை வந்து, "தம்பி, பாண் இருக்கோ?" என்றார். பானை மார்க்கெட்டில் கிடைக்கும் என்று நான் மரியாதையாக வழி சொன்னேன். அவர் குடையால் அடுப்பைக் காட்டி, "பானை இல்லை, பாண், பாண்!" என்று கத்தினார். அவர்கள் ஊரில் ரொட்டிக்கு அதுதான் பேராம். சந்தோஷமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். விரலால் தட்டினார். காதருகே வைத்து மறுபடி தட்டினார். பிறகு துக்கம் விசாரிக்கிற முகத்தோடு திருப்பிக் கொடுத்தார். "கள்ளு விடாமல் பாண் எப்பிடித் தம்பி பொங்கும்? உந்தப் பாணைக் கொண்டுபோய் தண்டவாளத்துக்குக் கீழ போடுங்கோ, கல்லு மிச்சம்."

தமிழ்க் கடவுள்

கிளாக்கர் சொன்னதில் தப்பில்லை. ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றுகிறார்கள், ரொட்டிக்கும் ஊற்றலாம். அடுப்பில் வெந்த பிறகு போதையும் இல்லை, கீதையும் இல்லை. ஆனால் நான் சாமியிடம் 'குடிக்கமாட்டேன்' என்றா சொன்னேன்? 'தொடமாட்டேன்' என்றல்லவா சொல்லித் தொலைத்தேன்! எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம், குடியைத்தான் அர்த்தம் பண்ணுகிறோம். ஆனால் உயிரைக் கொடுத்தவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, யாருக்குத் தெரியும்?

சுண்ணாம்பு மலைக் குகைக்குள் இருந்த முருகன் கோவிலுக்கு நொண்டிக்கொண்டே நடந்தேன். பூசை செய்கிற பண்டாரத்திடம் பஸ்ராவில் ஆரம்பித்துக் கிளாக்கர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பரிகாரம் ஏதாவது சொல்வார் என்று கைகட்டி நின்றேன். "வேற சாமின்னா ஏதாச்சும் சொல்லிச் சமாளிக்கலாம். இவரு தமிழ்க் கடவுளாச்சே லா, ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் தெரிஞ்சவரு."

துடுப்பு

வீட்டுக்கு வந்து அஞ்சலையிடம் சொன்னேன். "வார்த்தை கொடுத்தது நீதானே, நானில்லையே" என்று தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அவள் கள்ளுக்கடைக்குக் கிளம்பிவிட்டாள். அவளே வாங்கினாள், அவளே மாவில் ஊற்றினாள். நான் எட்டி நின்றேன். ஆனால் கள் கலந்த மாவும் கள்தானே என்று மனசு அரித்தது. அதனால் ஒரு பலகையைத் துடுப்பாகச் செதுக்கி, அண்டாவுக்கு முன்னால் நின்று அதாலேயே மாவைக் கிண்டினேன். கையால் பிசைவதைவிட அது பல மடங்கு வேலை. உடைந்த கால் விண்விண் என்று தெறிக்கும். இருந்தாலும் விடவில்லை. மறுநாள் அடுப்பைத் திறந்தபோது ரொட்டிகள் தலை தூக்கி நின்றன. அஞ்சலை ஒன்றைப் பிட்டு, ஆவி முகத்தில் படும்படி பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசனை காப்பிக்கடைத் தவுக்கேயை, அதாவது முதலாளியை, எழுப்பிக் கொண்டுவந்தது. சீனர், கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசிக் கொஞ்சம் தமிழ் பழகியவர். ரொட்டியைத் தின்று பார்த்து, தினமும் தன் கடைக்குப் போடச் சொல்லிவிட்டார். சாயங்காலம் நான் மாவு கிண்டுவதைப் பார்க்கவும் வந்தார். கதவில் சாய்ந்து, துடுப்பையும் என் வியர்வையையும் வெகுநேரம் கவனித்தார். "ஆயோ தம்பி, இது ரொத்தி செய்றதா, சம்பான் படகு ஓட்டறதா?"

தூக்குச்சட்டி

வியாபாரம் நிமிர்ந்தது. கூடையில் அடுக்கிப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கொண்டுபோனேன். சோறு தின்கிற சனம் ரொட்டியும் தின்னும் என்பதைக் கங்காணி பார்த்திருக்க வேண்டும். ஆனால் என்னைப் பட்டாளத்தார் என்று கூப்பிட்ட ஊரார் வேறொன்றைப் பார்த்தார்கள். தினமும் பிற்பகலில் பட்டாளத்தார் பெண்டாட்டி கள்ளுக்கடையிலிருந்து நிறைந்த தூக்குச்சட்டியோடு வருகிறாள். அவன் காலை நீட்டிக்கொண்டு வீட்டில் குடிக்கிறான், வேறென்ன? சிலர் ரொட்டி வாங்குவதை நிறுத்தினார்கள். ரொட்டிக்குத்தான் கள் என்று நான் சொன்னால், "ஆமாமா, ரொட்டிக்குத்தான்" என்று கண்ணடித்தார்கள்.

கள்ளுக்கடையில் என்னென்ன நடந்தது என்பதை அஞ்சலை அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. ஒரு நாள் முந்தானை நனைந்து வந்தாள், அன்றைக்குத்தான் சொன்னாள். கோவிந்தன் என்று ஒரு பால் மரம் வெட்டுகிறவன், எந்நேரமும் கடை வாசல் பெஞ்சில் கிடப்பவன், உனக்கும் ஒரு வாய் வேண்டாமா என்று கேட்டுச் சட்டியைப் பிடித்து இழுத்திருக்கிறான். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவள் சட்டியைத் தரையில் வைத்தாள். நான் வழக்கம்போல் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அதை அவள் கவனித்தாள். அவள் குரல் உயரவே இல்லை. "என் சீலையெல்லாம் கள்ளு. நீ இன்னும் எட்டியே நிக்கிற. உன் கை சுத்தமா இருக்கணும்னா என் மானம் போகணுமாய்யா?"

காலியாக இருந்த இடம்

அன்றைக்கு மாவு கிண்டவில்லை. விடிந்ததும் குகைக் கோவிலுக்குப் போய், பண்டாரம் வருவதற்கு முன்பே முருகனுக்கு எதிரில் நின்றேன். கொடுத்த வார்த்தையை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். தொடுவேன், குடிக்கமாட்டேன். கோபம் வந்தால் பஸ்ராவில் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள், அஞ்சலையை ஒன்றும் செய்துவிடாதே என்றேன். காய்ச்சலில் கிடந்தபோது பயந்ததைவிட அப்போது அதிகமாகப் பயந்தேன். ஆனால் திரும்பி நடக்கும்போது கால் தடுமாறவில்லை.

பிற்பகல் பட்டாளத்துக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியை நானே எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டின் நடுவில் நடந்தேன். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான். கடைக்காரன் ஊற்றும்போது நுரை வழிந்து என் விரல்களை நனைத்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நாக்கில் எச்சில் ஊறியது, பொய் சொல்லமாட்டேன். அப்பன் முகம் ஞாபகம் வந்தது. மூடியை அழுத்தி மூடினேன். என் வீட்டுக்காரி இனி வரமாட்டாள், நான்தான் வருவேன், சட்டியை இழுக்கிறவன் என் கையிலிருந்து இழுக்கட்டும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கோவிந்தன் மட்டும் பெஞ்சில் நகர்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினான். "எத்தனை நாளைக்கு வீம்பு, பட்டாளத்தாரே? உங்க இடம் காலியாத்தான் இருக்கு, உக்காருங்க!"

பண்டாரத்தின் காப்பி

நான் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து துடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, முழங்கை வரை மாவில் கையை விட்டேன். எத்தனை நாளைக்குப் பிறகு! மாவு பதமாகும் நேரம் கைக்குத்தான் தெரியும், துடுப்புக்குத் தெரியாது. அப்படி வந்த முதல் ரொட்டியைப் பண்டாரத்திடம் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லித் தலை குனிந்து நின்றேன். அவர் ரொட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார். காப்பித் தம்ளரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "நீதான் தொடறதா வேண்டாமான்னு இத்தனை நாளா முழிச்ச. தவுக்கே கடையில வாங்கி நான் மொத நாள்லேருந்து காப்பியில தொட்டுத் தொட்டுத் திங்கிறேன் லா!"

கோவிந்தன்

அதன் பிறகு ஒரு நாள் தவறாமல் கள்ளுக்கடைக்குப் போனேன். போன வேகத்தில் திரும்புவதை ஊர் பார்த்தது. வாங்காமல் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப வந்தார்கள். இன்னொரு அடுப்பும் கட்டினேன். கோவிந்தன் மட்டும் தினமும் குவளையை நீட்டுவான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடப்பேன். முதலில் சிரித்துக்கொண்டே நீட்டினான். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு நீட்டுவதும் நின்றது.

ஒரு மழை நாளில் ரொட்டி விற்ற கூடையோடு நான் கள்ளுக்கடைக்குள் நுழைந்தபோது அவன் எழுந்து நின்று வழிவிட்டான். அக்கா நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டான். அவன் கேட்டதை அஞ்சலையிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே கள்ளை வாங்கினேன்; திரும்பும்போது கூடையில் மிஞ்சியிருந்த ரொட்டியை அவனுக்குக் கொடுத்தேன். அவன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான், தின்னவில்லை. நுரை பட்டுப் பிசுபிசுத்த என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ஒருதரம் தொட்டேன், அது என்னை விடலண்ணே. நீங்க தெனமும் தொடுறீங்க, எப்பிடிண்ணே விட்டுட்டுப் போறீங்க?"

நேர்த்திக்கடன் வைக்கப்போகிற சகோதரர்களே, சாமியிடம் வாய் திறக்குமுன் வார்த்தையைப் பார்த்துப் போடுங்கள். கொஞ்சம் பிசகினாலும் சாமி பொறுத்துக்கொள்வார், பெண்டாட்டிதான் கேள்வி கேட்பாள்.