கொதிக்காத தொட்டி

“இன்னா மேடம், உங்க மிஷினு தூங்கிக்கினு கீதா? தண்ணில ஒரு அசைவும் காணோமே!”

சமீபத்தில் ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஏழுமலை அண்ணன் கேட்ட கேள்வி இது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆபரேட்டர், வடக்குப்பட்டுக்காரர். அன்று காலைதான் தொட்டியில் நுண்குமிழி இயந்திரத்தை இறக்கியிருந்தோம். நான் தனியாக வடிவமைத்த முதல் இயந்திரம்!

விஷயம் இதுதான். கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றடிக்கும் பழைய புளோயர் பெரிய பெரிய குமிழியாக ஊதும். அவை சர்ரென்று மேலே வந்து வெடித்து, கொண்டுவந்த காற்றை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். கண்ணுக்கே தெரியாத குமிழிக்கு அந்த அவசரம் கிடையாது. தண்ணீருக்குள்ளேயே சுற்றும்... சுற்றிக் கரையும்.

மேனேஜரின் கவலை வேறு. தொட்டியின் நாற்றம் கேன்டீன் வரை போய்விட்டது. “அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன்மா. நாத்தம் போகலன்னா மிஷினைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க.”

முதல் நாள் மாலை ஆக்சிஜன் மீட்டர் ஜோராக ஏறியது. மறுநாள் காலை... விழுந்து கிடந்தது.

நான் பதறுவதற்கு முன்னால் பட்டியல் போடுகிற ஆள். பம்ப்? ஓடுகிறது. கரன்ட்? சரி. மீட்டர்? வேறொன்றை வைத்தேன், அதுவும் அதையே சொன்னது. காற்று வால்வு? மயிரிழை மட்டும் திறந்து வைத்திருந்தேன். இப்போது முழுசாகத் திறந்திருந்தது. தொட்டி குமிழி குமிழியாகத் தளபுளவென்று கொதித்தது!

“யாருண்ணா திறந்தது?”

“நான்தான் மேடம்! ரவுண்ட்ஸ்ல தொட்டி கொதிச்சாதான் ஓகேன்னு எழுதுவோம். உங்களுது கம்முனு கெடந்துச்சு. பாவம், பொண்ணு மாட்டிக்குமேன்னு கொஞ்சம் காத்து வுட்டேன். இப்ப பாருங்க, எப்டி கொதிக்குது!”

இவரிடம் கோபப்பட முடியுமா? எந்த ஆபீஸிலும் இதே கதைதானே – மீட்டிங்கில் அதிகம் சத்தம் போடுகிறவர்தான் அதிகம் உழைக்கிறவர்!

வால்வைப் பழையபடி திருகினேன். தொட்டி அடங்கியது. “காத்து ஜாஸ்தியானா குமிழி பெருசாயிடும்ணா. பெருசானா ஓடிப்போயிடும்” என்று சொல்லி மீட்டரை அவர் கையில் கொடுத்தேன். எண் மெல்ல ஏறத் தொடங்கியது. அண்ணன் தண்ணீரைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

“த பார்றா! சத்தமே காட்டாம வேலை செய்யுது!”

அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்தார். தொட்டி ஓரம் நின்று நன்றாக மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். “கழட்ட வேணாம்மா. பக்கத்துத் தொட்டிக்கும் ஒண்ணு ரெடி பண்ணுங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். வெளியே வரும்போது, அடுத்த ஷிப்ட் ஆபரேட்டரிடம் ஏழுமலை அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது:

“அந்த வால்வுல மட்டும் கை வெச்சிடாதடா. மேடம் வுட்டாலும் நான் வுட மாட்டேன்!”

எத்தனையோ டிராயிங்கில் அப்ரூவல் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்... எதுவும் இதற்கு ஈடாகாது!