கறுப்புத் தாளுக்கு அடியில் அமெரிக்கா

தியேட்டர் மேனேஜர் வேலை என்பது, ஊரே உட்கார்ந்து படம் பார்க்கும்போது வாசலில் நின்று ஊரின் முகத்தைப் பார்க்கிற வேலை. அதிலும் மதுரையில் அமெரிக்கப் படங்களைக் காலைக் காட்சி ஓட்டுகிற தியேட்டருக்கு மேனேஜராக இருந்தால் அந்த முகங்களை லேசில் பார்த்துவிட முடியாது. துண்டு மறைக்கும், குடை மறைக்கும், மடித்த பேப்பர் மறைக்கும். வீட்டில் விவரமாகச் சொல்ல முடியாத உத்தியோகம் பார்த்து, அந்தச் சம்பளத்திலேயே வீட்டுக்குச் சோறு போட்ட சகோதரர்களே, நான் சொல்வது உங்களுக்குத்தான் புரியும்.

எனக்கு அமெரிக்காவைக் கண்டாலே ஆகாது. எழுபதுகளில் பத்திரிகையில் வந்ததையெல்லாம் படித்துவிட்டு, அது குடும்பம் என்றால் என்னவென்று தெரியாத தேசம், பெற்றவர்களைத் தனியே விட்டுவிட்டுப் போகிற தேசம் என்று முடிவு கட்டியிருந்தேன். அந்தத் தேசத்தின் படத்துக்கு டிக்கெட் விற்றுத்தான் நரிமேட்டில் குடித்தனம் நடத்தினேன். என் மனைவி ராஜாத்திக்கு ஒரே ஓர் ஆசை. மேனேஜர் சம்சாரமாக ஒரு நாளாவது என் தியேட்டர் சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும். 'அமெரிக்காக்காரன் படமெல்லாம் குடும்பப் பெண்கள் பார்க்கிற மாதிரி இருக்காது' என்று சொல்லியே கல்யாணமான நாளிலிருந்து தள்ளிப்போட்டு வந்தேன்.

தாள் ஒட்டிய கதை

எங்கள் போஸ்டர்களைப் பார்த்துவிட்டு, பெண்பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பக்கத்துச் சுவரில் இதையெல்லாம் ஒட்டலாமா என்று சில பெரியவர்கள் வந்து கேட்டார்கள். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. அவர்கள் பேசியது அத்தனையும் நான் வீட்டில் பேசுவதுதான். அன்றே ஒரு வழி கண்டுபிடித்தேன். மறைக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தாளை வெட்டி ஒட்டிவிடுவது. போஸ்டர் ஒட்டுகிற கோரிப்பாளையம் காதர் பாயைக் கூப்பிட்டு, அமெரிக்கப் படம் என்றால் யோசிக்கவே வேண்டாம், தாளை ஒட்டிவிடு என்று நிரந்தரமாக உத்தரவு போட்டேன். பாய் பக்திமான். அந்தப் படங்களைக் கண்ணால் பார்ப்பதே பாவம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஒட்டுவார். அதனால் சில சமயம் கதாநாயகனின் மூக்கு மறைந்திருக்கும், மறைய வேண்டியது அப்படியே இருக்கும்.

ஆனால் நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. தாள் ஒட்டிய வாரத்திலிருந்து கூட்டம் இரட்டிப்பானது. ஒன்றுமில்லாத படத்தில்கூடத் தாளுக்கு அடியில் என்னவோ இருப்பதாக ஆட்கள் நம்பினார்கள். முதலாளி எனக்குச் சம்பளம் கூட்டினார். கை நீட்டி வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது, இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். வாராவாரம் தவறாமல் வருகிற சிம்மக்கல் பழக்கடை மாரிச்சாமி, டிக்கெட் கவுண்டருக்குள் தலையை நீட்டி, யாருக்கும் கேட்காமல் கேட்டார்: "அண்ணே, அடுத்த வாரம் வர்ற படத்துக்குத் தாளு எம்புட்டுப் பெருசு?"

உச்சரிப்பு

டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வருவார். வெயில் இல்லாத நாளிலும் குடையை விரித்தபடிதான் வாசலைத் தாண்டுவார். ஒருநாள் குடை கதவில் மாட்டிக்கொள்ள, இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். பையன்களுக்கு இங்கிலீஷ் எடுப்பதாகவும், அமெரிக்கர்களின் உச்சரிப்பைக் கவனிக்கத்தான் வந்ததாகவும் நான் கேட்காமலே சொன்னார். எனக்கு அவரைவிட அதிகமாக வெட்கமாகிவிட்டது. அவராவது டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர், நான் சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கிறவன்.

ஒரு வாத்தியார் வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று ஆபரேட்டரிடம் சொல்லி, முத்தக் காட்சி வரும்போது லென்ஸுக்கு முன்னால் கையை வைக்கச் சொன்னேன். அவனும் வைத்தான். திரை இருண்டது, சத்தம் மட்டும் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கூட்டம் விசிலடித்துத் தீர்த்தது. படம் விட்டதும் வாத்தியார் குடையை விரித்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றார். "சார், அந்த ஒரு எடத்துல மட்டும் வாயசைவு தெரியாததால உச்சரிப்பு சரியா விளங்கல, நாளைக்கு வந்தா விளங்குமா?"

ஜனாதிபதி இறங்கிய வாரம்

அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கிய செய்தி வந்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்தேன். நாலு பத்திரிகைக்காரர்கள் எழுதியதற்காக நாட்டை ஆளுகிறவர் நாற்காலியை விட்டு எழுந்து போவதா, பெரியவர் சின்னவர் மரியாதையே இல்லாத தேசம் உருப்படுமா என்று கேட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டுகூடப் பேசினேன்.

வரிசையில் வாடிப்பட்டிக்காரர் ஒருவர் நின்றிருந்தார். விடியற்காலையில் மார்க்கெட்டில் கத்திரிக்காய் மூட்டை கொண்டுவந்து போட்டுவிட்டு, திரும்பிப் போக பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று படத்துக்கு வந்தவர். நான் பேசி முடிக்கிற வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு டிக்கெட்டை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டே சொன்னார்: "அங்க பேப்பர்ல எழுதுனா பெரிய மனுசனே எந்திரிச்சுப் போறாரு, எங்கூருக்கு ரோடு கேட்டு எம்புட்டு மனு குடுத்தும் ஒரு கிளார்க்குகூட எந்திரிச்சுப் பாக்கல சார்."

ரேஷன் கடையில்

நரிமேட்டில் ராஜாத்தி, நான் ஏதோ இங்கிலீஷ் கம்பெனியில் மேனேஜர் என்று சொல்லி வைத்திருந்தாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளாகவே அப்படிச் சொல்லிக்கொண்டாள். அவள் அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சாப்பாடு இறங்காது. ஒருநாள் சர்க்கரை வாங்க வரிசையில் நின்றவளிடம், எங்கள் தெரு இளவட்டம் ஒருவன் நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறான். பைகளோடு நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அவள் சர்க்கரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் கேட்டது இதுதான்: "எக்கா, இந்த வாரம் அண்ணன் தியேட்டர்ல நல்ல படமாமே, ஒரு டிக்கெட் சொல்லி வைக்கிறீகளா?"

ராஜாத்தி வந்த ஞாயிற்றுக்கிழமை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு படப்பெட்டி வந்தது. வழக்கம்போல ஓட்டிப் பார்த்தோம். அமெரிக்காவில் ஏதோ ஒரு பட்டிக்காட்டில் சோளம் போடுகிற கிழவர், பட்டணத்தில் பிழைக்கிற மகன்கள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வருகிற மகள். சாப்பிடும் முன் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். பேசியது பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. மகள் வெந்நீர் வைத்து அப்பாவின் காலைக் கழுவிவிட்டபோது நான் அழுதுவிட்டேன். ஓடுமா என்று முதலாளி முகத்தைச் சுளித்தார். நான் வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வந்துவிடு, சோபாவில் இடம் போட்டு வைக்கிறேன் என்று ராஜாத்தியிடம் சொன்னேன். அவள் நம்பாமல் இரண்டு தரம் கேட்டாள். கல்யாணப் பட்டுக்கு அடுத்த நல்ல சேலையை எடுத்து மடித்து வைத்தாள்.

ஞாயிறு காலை சைக்கிளில் கிளம்பி கோரிப்பாளையம் முக்குக்கு வந்தவன் பிரேக் போட்டு நின்றுவிட்டேன். சுவர் நெடுக எங்கள் போஸ்டர். மகள் குனிந்து அப்பாவின் காலைக் கழுவுகிற படம். அதன் நட்டநடுவில் கறுப்புத் தாள். காலும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை, ஒரு பெண் குனிந்திருப்பதும் ஒரு கிழவர் கண்ணை மூடியிருப்பதும் மட்டும் தெரிந்தது. இத்தனை நாள் ஒட்டியதிலேயே அசிங்கமான போஸ்டர் அதுதான். பாயைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர் பசை வாளியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார், "நீங்கதான மேனேஜர், அமெரிக்கப் படம்னா யோசிக்க வேணாம், ஒட்டிருன்னு சொன்னீங்க?"

இருவரும் சேர்ந்து கிழிக்கப் பார்த்தோம். பசை காய்ந்துவிட்டிருந்தது. தாளோடு சேர்ந்து மகளின் சேலை மாதிரியான நீளப் பாவாடையும் கிழிந்து வந்தது. இன்னும் மோசமாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். ராஜாத்தி வருகிற டவுன் பஸ்ஸும் அந்த முக்கில்தான் நின்று கிளம்பும்.

தியேட்டரில் திருவிழாக் கூட்டம். மாரிச்சாமி முதல் ஆளாக வந்திருந்தார். ராஜாத்தி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே வந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டேன். அவள் நேராக உள்ளே நடந்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாகப் போய் சோபாவில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். செத்துப் போகலாம் போல இருந்தது.

இடைவேளை வரை விசிலும் கூச்சலும். தாள் ஒட்டிய காட்சி எங்கே என்று ஒருவன் கத்தினான். பிறகு அந்தக் காட்சி வந்தது. மகள் வெந்நீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவின் காலை எடுத்து மடியில் வைத்தாள். ஆபரேட்டர் கையை வைக்கவில்லை. அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. படம் முடிந்து வெளியே வந்த மாரிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார், மறைக்கவில்லை. "எங்க அய்யாவ ஊர்ல போயிப் பாத்து வருசம் ஆச்சுண்ணே, இன்னைக்குச் சாயங்காலம் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கூட்டமெல்லாம் போன பிறகு ராஜாத்தி மெதுவாக வெளியே வந்தாள். முந்தானை தலையில் இல்லை. வாசலில் இருந்த போஸ்டரின் அந்தக் கறுப்புத் தாளை விரலால் தொட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டது இவ்வளவுதான்: "ஏங்க, இத்தன வருசமா இந்தத் தாளுக்கு அடியில நீங்க மறைச்சு வச்சது இதத்தானா?"

ஆமாம் என்றால் ஒரு தேசத்தின் மேல் வீணாகப் பழி சொன்னவனாவேன், இல்லை என்றால் இத்தனை காலம் என்ன வேலை பார்த்தேன் என்பதை என் வாயாலேயே சொன்னவனாவேன் என்பதால், அன்று அவளுக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.