பதினொரு கார்டும் ஒரு முதுகும்

டிப்போ வாசல்ல இருக்கற கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்து, ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது பஸ்ஸை நேரத்துக்கு வெளிய தள்ளுற ஆளு அவங்க. எல்லாருக்கும் அவங்க டைம்கீப்பரம்மா. அவங்க வேலையில பாதி, கேள்வி கேக்கறது. ஏன் மூணு நிமிஷம் லேட்டு? அந்த ஸ்டாப்புல அப்படி என்ன கூட்டம்? யாரு சொல்லி அந்தப் பக்கமா சுத்தினே? டிரைவருங்க டிரிப் ஷீட்டை நீட்டும்போதே, "மேடம், போலீஸ்காரன்கூட இவ்வளவு கேக்கமாட்டான்"னு முனகிக்கிட்டுதான் நீட்டுவாங்க.

அவங்க வீட்டுக்காரர் அதுக்கு நேரெதிர். அச்சு மெஷின் ஃபிட்டர். எந்த நாட்டுலயாவது புது மெஷின் இறங்கினா அதை மாட்டி நிறுத்தி ஓட்டிக் காட்டிட்டு வரணும். வருஷத்துக்கு இருபது தடவையாவது பிளேன் ஏறிப் போயிட்டு வருவார். "எந்த பிளேன்ல போனீங்க?"ன்னு கேட்டா, "வெள்ளையா இருந்துச்சு"ம்பார். அவ்வளவுதான் மனுஷன்.

இதெல்லாம் எப்படியோ ஓடிக்கிட்டிருந்துச்சு. முப்பது வருஷம் அந்தக் கூண்டு நாற்காலியில உக்காந்ததுக்கு முதுகெலும்பு பழி வாங்குச்சு. டிஸ்க் ஆபரேஷன். படுக்கையை விட்டு எழுந்து நடக்க ஆரம்பிச்ச அதே வாரம், கடல் தாண்டி இருக்கற மக போன் பண்ணினா. "அம்மா, பிரசவத்துக்கு டேட் குடுத்துட்டாங்க. நீ பக்கத்துல இருந்தா எனக்கு பயமே இருக்காதும்மா."

டாக்டர் யோசிச்சார். முதல் பிளேன் அஞ்சு மணி நேரம், நடுவுல ஒரு ஏர்போர்ட்டுல ஒம்போது மணி நேரம் காத்திருப்பு, அப்புறம் இன்னொரு ஆறு மணி நேரம். "பிளேன்ல எழுந்து எழுந்து நடங்க, சமாளிச்சிடலாம். அந்த ஒம்போது மணி நேரம் முதுகை நீட்டிப் படுக்க இடம் இருந்தா போங்க. இரும்பு நாற்காலின்னா நான் கையெழுத்து போடமாட்டேன்."

கையெழுத்து இல்லாம பிளேன்ல ஏத்தமாட்டாங்க. ஓட்டல் எடுக்கலாம்னா, அந்த ஊர்ல ஓட்டல் ஏர்போர்ட்டுக்கு வெளிய, விசா வேணும். காசு கட்டிப் போற லவுஞ்சுன்னு ஒரு ஓய்வு ரூம், அதுல மூணே மணி நேரம், அதுவும் நாற்காலிதான். படுக்கை ரூம் இருக்கற பெரிய லவுஞ்சு ஒண்ணு இருக்கு, ஆனா அடிக்கடி பறக்கறவங்களுக்கு பிளேன் கம்பெனி குடுக்கற கோல்டு கார்டு இருந்தாத்தான் கதவு திறக்கும்.

"உங்ககிட்ட ஏதோ கார்டெல்லாம் இருக்குமே?"ன்னு கேட்டாங்க டைம்கீப்பரம்மா.

ஃபிட்டர் அலமாரியிலருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்துப் போட்டார். பதினொரு கார்டு!

"எதுக்குங்க பதினொண்ணு?"

"கவுண்டர்ல ஃபாரம் குடுத்தாங்க. பாவம், சின்னப் பொண்ணு, சிரிச்சிக்கிட்டே குடுத்தா. எழுதிக் குடுத்தேன்."

"பதினொரு பொண்ணும் சிரிச்சாளுங்களா?"

"ஏம்மா, காலங்காத்தால ஆரம்பிக்கிறியா?"

எல்லா கார்டையும் கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்தா, ஒண்ணொண்ணுலயும் யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி கொஞ்சம் கொஞ்சம் பாயிண்ட். ஒரு கார்டுகூட கோல்டு பக்கம் எட்டிப் பாக்கல. இருபது தடவை பறந்த ஆளுங்க இவரு! அன்னிக்குப் பிடிச்சது அம்மாவுக்கு அந்த ஆர்வம். ஏன் சேரல? எப்படிச் சேக்கறது?

வேலைக்குத் திரும்பின அன்னிக்கே டிப்போ கூண்டுல, ரூட் சார்ட்டுக்குப் பின்பக்கம், மூணு கட்டம் போட்டாச்சு. ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு, ஸ்கைடீம். உலகத்துல முக்காவாசி பெரிய பிளேன் கம்பெனிங்க இந்த மூணு கூட்டுல ஏதோ ஒண்ணுல இருக்கு. ஷீட் குடுக்க வந்த டிரைவர் ஒருத்தர் தலையை உள்ள விட்டுப் பாத்தார்.

"என்ன மேடம், புது ரூட்டா?"

"ஆமா அண்ணே, ஆகாசத்துல. இங்க பாருங்க. இந்தக் கட்டத்துல இருக்கறது எல்லாம் வேற வேற முதலாளி பஸ்ஸு. ஆனா ஒருத்தன்கிட்ட பாஸ் வாங்கினா மத்தவன் வண்டியிலயும் மரியாதை உண்டு. தனி வரிசை, கூட ஒரு பெட்டி, உக்கார நல்ல ரூமு."

"அப்ப நாமளும் பக்கத்து டிப்போவும் சேந்தா எனக்கும் நல்ல ரூமு கிடைக்குமா?"

"நீங்க முதல்ல நேரத்துக்கு வண்டி எடுக்கற வழியப் பாருங்க."

பஸ்ஸு பஸ்ஸுக்கு நடுவுல அம்மா படிச்சிக்கிட்டே போனாங்க. ஸ்டார்தான் எண்ணிக்கையில பெருசு, படி ரெண்டே ரெண்டு, சில்வர், கோல்டு. ஒன்வேர்ல்டுல மூணு படி, ரூபி, சஃபையர், எமரால்டு. உச்சிக்குப் போனா ஃபர்ஸ்ட் கிளாஸ் லவுஞ்சே திறக்குமாம்! ஸ்கைடீம்ல எலைட், எலைட் பிளஸ். மூணுலயும் ஒரே ரகசியம்: முதல் படியில நின்னா லவுஞ்சுக் கதவு திறக்காது, ரெண்டாவது படி ஏறணும். ஏறிட்டா கூட ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போலாம். அந்த ஒரு ஆளு! அந்த வரியை அம்மா சிவப்புப் பேனாவுல கோடு போட்டு வெச்சாங்க.

ஒரே கூட்டுதானே, எல்லாப் பாயிண்டையும் ஒரே கார்டுல கொட்டிடலாம்னு போன் போட்டாங்க. லைன்ல வந்த பொண்ணு பொறுமையா சொன்னா. "மேடம், கார்டுலருந்து கார்டுக்கு மாத்த முடியாது. ஒரு தடவை ஏறினது ஏறினதுதான்." கறந்த பால் மடி ஏறுமா? போச்சு. போனை வைக்கப் போன அம்மாவுக்கு, பழக்கதோஷம், இன்னொரு கேள்வி வந்துச்சு.

"சரிம்மா, எந்தக் கார்டுலயும் ஏறாத பயணம் இருந்தா?"

"ஆறு மாசத்துக்குள்ள போனதுன்னா கிளெய்ம் பண்ணலாம் மேடம். கூட்டுல இருக்கற எந்தக் கார்டுல வேணா ஏத்திக்கலாம். போர்டிங் பாஸ் துண்டு மட்டும் வேணும்."

ஃபிட்டர் பாதி நேரம் கார்டு நம்பரே குடுக்காம பறந்தவர்தானே! துண்டு எங்கன்னு கேக்கலாம்னா மனுஷன் வெளியூர்ல ஒரு மெஷினுக்கு அடியில படுத்திருக்கார், போன் எடுக்கல. அம்மாவே அவர் வீட்டுல விட்டுட்டுப் போன டூல் பெட்டியைத் திறந்தாங்க. திறந்தா, கண்ணு கலங்கிப் போச்சு அவங்களுக்கு. அத்தனை போர்டிங் பாஸும் அங்கதான் இருக்கு! ஒவ்வொண்ணுலயும் ஒரு பிடி போல்ட் நட்டைப் பொட்டலம் கட்டி வெச்சிருக்கார். கெட்டித் தாளு, ஊர் பேரும் அச்சடிச்சிருக்கு, எந்த மெஷினோட போல்ட்டுன்னு பாத்ததும் தெரியும். அது அவர் தொழில் முறை. அம்மாவுக்கு அது தெரியாதே! பொட்டலத்தைப் பிரிச்சு, தாளை இஸ்திரி போடற மாதிரி நீவி, போல்ட்டை எல்லாம் ஒரே பாத்திரத்துல கொட்டிட்டாங்க.

சாயங்காலம் ஊர்லருந்து வந்த ஃபிட்டர் பாத்திரத்தைப் பாத்து அப்படியே நின்னுட்டார்.

"அடிப்பாவி! என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"எல்லாம் ஒரே மாதிரிதானேங்க இருக்கு?"

"ஒரே மாதிரி இருக்கறதுனாலதான்டி தாள் சுத்தி வெச்சேன்!"

ரெண்டு நாள் பேச்சே இல்ல. ஞாயித்துக்கிழமை முழுக்க அவரு ஒரு பக்கம் உக்காந்து போல்ட்டை அளந்து பிரிக்கிறார், அம்மா இன்னொரு பக்கம் படுத்துக்கிட்டே எண்ணெய்க் கறை படிஞ்ச துண்டுல டிக்கெட் நம்பரைப் பூதக்கண்ணாடி வெச்சுப் படிக்கிறாங்க. எந்தக் கார்டுலயும் ஏறாம, ஆறு மாசத்துக்குள்ள போனது, ஒன்வேர்ல்டு அஞ்சு, ஸ்கைடீம் நாலு, ஸ்டார் ஒம்போது. அப்ப ஸ்டார்தான். நல்லவேளை, அந்தப் படுக்கை லவுஞ்சும் மக ஊருக்குப் போற பிளேனும் அதே கூட்டுதான். அந்த ஒம்போதுல ரெண்டு, எண்ணெய்யில நம்பரே அழிஞ்சிருந்துச்சு. ஒண்ணு மலிவு டிக்கெட்டு, கால் பங்கு பாயிண்ட்தான்.

பெரிய கம்பெனி கார்டுல ஏத்தினா கோல்டு எட்டாக்கனி. ஆனா அந்தப் பதினொண்ணுல ஒரு சின்னக் கம்பெனி கார்டு இருந்துச்சு. அதே கூட்டு, அதே லவுஞ்சு, ஆனா கோல்டுக்குக் கேக்கற பாயிண்ட் பாதி! அம்மா குதிக்க முடியாம படுத்துக்கிட்டே கை தட்டினாங்க. அப்புறம் கீழ பொடி எழுத்தைப் படிச்சாங்க. அவங்க சொந்த பிளேன்லயே வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பறந்திருக்கணும். ஃபிட்டர் இந்த வருஷம் அதுல ஏறவே இல்ல.

"என்னங்க..."

"பேசமாட்டேன்னு சொன்னேன்ல."

"அடுத்த வாரம் வேலைக்குப் போறீங்கல்ல, அந்தச் சின்னக் கம்பெனியில போயிட்டு வர முடியுமா? நாலு மணி நேரம் சுத்து. விடியக்காலையில ஏறணும்."

ஃபிட்டர் ஒரு போல்ட்டை உள்ளங்கையில உருட்டினார். "மேனேஜர் கேட்டா என்ன சொல்ல?"

"வெள்ளையா இருக்கும்னு சொல்லுங்க."

சிரிச்சிட்டார். அதோட சண்டை முடிஞ்சுது. மேனேஜர்கிட்ட போய், "சார், என் சம்சாரம் முதுகை நீட்டிப் படுக்கணும், அதுக்கு நான் சுத்திப் போகணும்"னு நின்னாராம். மேனேஜருக்கு ஒரு எழவும் புரியல, ஆனா கையெழுத்து போட்டுட்டாராம்.

போயிட்டு வந்தாச்சு. பாயிண்ட் ஏற அஞ்சு நாள் ஆகும்னாங்க. மக டேட்டுக்கு மூணு வாரம்தான் பாக்கி. கூண்டுல அம்மா, டாக்டர் சொன்னபடி நின்னுக்கிட்டே வேலை பாக்கறாங்க. ஒரு பஸ்ஸை அனுப்பறது, போனைப் பாக்கறது. ஆறாவது நாளு, ஏழாவது நாளு. எட்டாவது நாள் பத்தே கால் பஸ் கிளம்பற நேரம், திரையில தங்கக் கலர்ல ஃபிட்டர் பேரு. அந்த முப்பது வருஷத்துல முதல் தடவையா ஒரு பஸ் ரெண்டு நிமிஷம் லேட்டா கிளம்புச்சு, கூண்டால!

டாக்டர்கிட்ட கார்டைக் காட்டினாங்க. அவரு அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் கையெழுத்து போட்டார்.

அந்த நடு ஏர்போர்ட்டு. லவுஞ்சு வாசல்ல ஃபிட்டர் கார்டை நீட்டி, பக்கத்துல நின்னவங்களைக் காட்டி, "என் கூட வந்த ஒரு ஆளு"ன்னார். கதவு திறந்துச்சு. அம்மா போறதுக்கு முன்னாடியே ஒரு பட்டியல் வெச்சிருந்தாங்க. குளிக்கிற ரூமு எத்தனை, சாப்பாடு எப்ப மாத்துவாங்க, உள்ள வர்றவங்களை யாரு, எப்படிக் கணக்கு வெக்கிறாங்க, எல்லாம் கேக்கணும். படுக்கை ரூம்ல, "அஞ்சு நிமிஷம் முதுகை நீட்டிட்டு வர்றேங்க"ன்னு சாஞ்சாங்க.

ஏழு மணி நேரம் கழிச்சு ஃபிட்டர் தோளைத் தொட்டு எழுப்பினார்.

"ஏன் எழுப்பல நீங்க? நான் ஒண்ணுமே பாக்கலியே! யாரையும் ஒரு கேள்வி கேக்கலியே!"

"நீ இப்படித் தூங்கி எட்டு மாசம் ஆச்சும்மா. எழுப்ப மனசு வரல."

அம்மா எழுந்து நின்னாங்க. முதுகுல கை வெச்சுப் பாத்தாங்க. வலி இல்ல. "வாங்க, கேட் திறந்துடுவாங்க. லேட்டாப் போனா எனக்குப் பிடிக்காது"ன்னு முன்னாடி நடந்தாங்க, மக இருக்கற ஊருக்கு.