மொட்டைமாடியில் இருபது மீட்டர் கம்பி

விவாகரத்துக்குப் பிறகு சிட்லபாக்கத்தில் ஒரு முதல் மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தேன். ஏரிப் பக்கம், அமைதியான தெரு என்றார் தரகர். பொய் சொல்லவில்லை அவர். அவ்வளவு அமைதியை நான்தான் கேட்டிருக்கவில்லை. வேலையும் வீட்டிலிருந்தே. மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு ‘ஓகே’ என்பேன். சில நாள் நான் வாய் திறந்து பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அமெச்சூர் வானொலிக்குள் வந்தது அதனால்தான். கேட்டவர்களிடம் பொழுதுபோக்கு என்று சொன்னேன். உண்மையில், பேச்சே மறந்துவிடுமோ என்ற பயம். பரீட்சை எழுதி உரிமம் வாங்கினேன். அனுப்பவும் கேட்கவும் முடிகிற, ஐந்து வாட் தரும் சின்ன ரேடியோ ஒன்றை நானே பற்றவைத்து முடித்தேன். ஆன்டெனாவுக்கு வீட்டு வயரிங் கம்பியே போதும். நடுவில் ஒரு பிவிசி துண்டு, அதன் இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் கம்பி. என் மொட்டைமாடிக்குத்தான் அவ்வளவு நீளம் இல்லை. ஒரு முனையைத் தண்ணீர்த் தொட்டியில் கட்டினேன். மற்றது மாடியில் அடங்காமல் கீழ் வீட்டு ஜன்னலைத் தாண்டித் தொங்கியது.

கீழ் வீட்டில் துணி தைத்துக் கொடுக்கும் ஒரு அம்மா இருந்தார். எதிர்ப்பட்டால் “சார்” என்று தலையசைப்பார், நானும் அசைப்பேன். ஆறு மாதப் பழக்கம் அவ்வளவுதான்.

தினமும் காலை ஆறரைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு தந்தி அடிக்கும் மோர்ஸ் சாவியைத் தட்டுவேன். சீக்யூ, சீக்யூ. யாராவது கேட்கிறீர்களா, பதில் சொல்லுங்கள் என்று அதற்கு அர்த்தம். பிறகு காத்திருப்பேன். இரைச்சலுக்கு நடுவே மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது கேட்கும். என்னை யாரும் சீண்டவில்லை.

பழியைக் கம்பி மேல் போட்டேன். நீளம் கூடிவிட்டது என்று இரண்டு முனையிலும் ஒரு விரல் அளவு வெட்டினேன். கம்பியில் ஏறாமல் திரும்பி வரும் சக்தியைக் காட்டும் மீட்டரில் முள் கொஞ்சம் இறங்கியது. மறுநாளும் பதில் இல்லை, மறுபடி வெட்டினேன். முள் சரியான இடத்தில் வந்து நின்ற பிறகும் கை நிற்கவில்லை. யாரும் பேசவில்லை என்றால் தப்பு கம்பியில்தான் இருக்க வேண்டும், என்னிடம் இல்லை என்று ஒரு பிடிவாதம். கல்யாண வாழ்க்கையிலும் இதே வேலையைத்தான் பார்த்தேன். மூன்று வாரத்தில் கம்பி கட்டையாகி, முள் எகிறி நின்றது. வெறுத்துப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். இரண்டு நாள் மாடிப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் காலிங் பெல் அடித்தது. கீழ் வீட்டு அம்மா. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானே முந்திக்கொண்டேன்.

“கம்பி இடைஞ்சலா இருந்தா எடுத்துடறேம்மா.”

“அது இல்ல சார். உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். ஏன்?”

“தெனம் பாட்டு கேக்கறப்போ ஸ்பீக்கர்ல டக்கு டக்குனு ஒரு சத்தம் வரும். மொதல்ல ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு நெனச்சேன். அப்புறம் ஜன்னல்ல அந்தக் கம்பியப் பாத்து, ஓ, சாரோட வேலைன்னு புரிஞ்சுது. கரெக்டா ஆறரைக்கு வரும். அது வந்தப்புறம்தான் நான் டீ போடுவேன். ரெண்டு நாளா காணோம். தனியா இருக்கற மனுஷன், இன்னா ஆச்சோன்னு வந்தேன்.”

வாசற்படியில் அசடு மாதிரி நின்றேன்.

“ஒரே மாதிரி அடிக்கிறீங்களே, அப்படி என்னதான் சார் சொல்றீங்க?”

“யாராவது இருக்கீங்களான்னு கேக்கறேன்.”

“யாராவது பதில் சொன்னாங்களா?”

“இல்ல.”

“சரி சார், நாளைக்கு அடிங்க” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அன்று மாலை, வெட்டிய அளவுக்குப் புதுக் கம்பியைச் சேர்த்துப் பற்றவைத்தேன். அடுத்த வீட்டு ஸ்பீக்கரில் நம் சத்தம் கேட்டால் கம்பியை நகர்த்தியாக வேண்டும். இது எங்கள் வானொலி ஆட்களுக்குப் பாலபாடம். நான் நகர்த்தவில்லை.

மறுநாள் ஆறரைக்குச் சாவியைத் தட்டினேன். பதில் வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். கீழே அடுப்பில் டீப் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.