மச்சான் கழற்றிய மணிகள்

என் ஜெராக்ஸ் கடையில், கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஆணியில் ஒரு வெண்கல மணி தொங்குகிறது. மாட்டின் கழுத்தில் கட்டுகிற மணிதான். அதன் நாக்கைச் சுற்றிப் பழைய துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறேன். யாராவது விளையாட்டாகக் கையை நீட்டினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "மணிய மட்டும் தொடாதீக" என்று கத்திவிடுவேன். அப்புறம் கத்தியதற்கு நானே வெட்கப்பட்டு, தலையைக் குனிந்தபடி பேப்பரை அடுக்குவேன். ஆண்டிபட்டிச் சந்தையில் இதை வாங்கி வந்தவர் என் மச்சான், அக்காவின் கணவர்.

மச்சான் சென்னையில் ஒரு கார் கம்பெனியில் டிசைன் வேலை பார்த்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, வருசநாட்டு மலையடிவாரத்தில் என் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார். "ஒத்த ஆளச் சொமக்க அம்புட்டு இரும்பு. அந்த இரும்பச் சொமக்கத்தான் பெட்ரோலு. கிறுக்குத்தனம் இல்லையா, கொழுந்தியா?" என்பார். மேலே காட்டோரம் இருக்கிற சின்ன ஊர்களுக்கு பஸ் கிடையாது. தங்களுக்கு வேண்டியதை அவர்களே விளைவித்துக்கொள்வார்கள், எண்ணெய்கூட அவர்களே ஆட்டிக்கொள்வார்கள். கீழே வந்துபோக மட்டும் யாரோ ஒருவரின் ஜீப்புக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அந்த ஊர்கள் தாங்களே செய்து, தாங்களே பழுது பார்த்துக்கொள்ளும் ஒரு வண்டி வேண்டும் என்பது அவர் ஆசை. வரைபடத்தை இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாக விட்டார். யார் வேண்டுமானாலும் செய்யலாம், மாற்றலாம். படங்களுக்குத் தமிழில் குறிப்பெழுதி ஏற்றியது நான். "கோயில் பிரசாதம் மாதிரி அள்ளி விடுறீகளே மச்சான், வீட்டுக்கு எதுவும் மிஞ்சுமா?" என்று கேலி செய்வேன். அக்கா அடுப்படியிலிருந்து என் பக்கம் பேசுவாள்.

மூன்று சக்கரம், மெல்லிய குழாய்ச் சட்டம், பழைய பைக் இன்ஜின், பின்னால் ஒரு பெட்டி. அவ்வளவுதான் வண்டி. ஏற்றத்தில்தான் இன்ஜின் ஓடும். இறக்கத்தில் அதை அணைத்துவிட்டால் வண்டி தன் பாரத்திலேயே உருண்டு வரும். எரிபொருள் மிச்சமாகும் வித்தை அதுதான். ஆனால் பிரேக் ஓரளவு பாரத்தைத்தான் தாங்கும். மலைமேல் எடை போட்டுப் பார்த்தா ஏற்றுவார்கள்? அதற்காகத்தான் மச்சான் பெட்டிக்கு அடியில் மணியைக் கட்டினார். பாரம் அதிகமானால் ஸ்பிரிங் அமுங்கும், ஒரு கம்பி மணியை இடிக்கும். மணி அடித்தால் சுமையைக் குறை என்று அர்த்தம். அதை எனக்கு அடித்துக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

முதல் வண்டி இலவம்பஞ்சு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கியது. பஞ்சுக்கு என்ன பாரம்? மணி வாயே திறக்கவில்லை. வண்டிக்காரர் மச்சானிடம் வந்து, "வண்டி தங்கமா ஓடுதுண்ணே. மணிதான் அடிக்க மாட்டேங்குது, என்னான்னு பாருங்க" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. மாட்டு வண்டி மணியோசையோடு வீடு திரும்பினால்தான் நிறைந்து வருகிறது என்று கேட்டுப் பழகிய காதுகள் இவை. ஊமை மணி அவர்களுக்குக் குறையாகப் பட்டது. குறையை அவர்களே சரிசெய்தார்கள். மணி அடிக்கும்வரை தேங்காய் ஏற்றினார்கள். அடுத்தடுத்த ஊர்களில் புது வண்டி செய்தவர்கள் கம்பியை நீளமாக வைத்து, எப்போதும் அடிக்கிற மாதிரி மாற்றினார்கள். கம்பம் பக்கத்திலிருந்தெல்லாம் எனக்குப் படங்கள் வந்தன. எல்லாப் படத்திலும் மணிக்கு மஞ்சளும் குங்குமமும் பூவும் இருந்தன.

அதன் பிறகு மச்சானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மலைப்பக்கம் மணிச்சத்தம் கேட்டால் பாதிச் சோற்றில் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். "முடிச்சுட்டு எந்திரிங்க" என்று அக்கா கெஞ்சுவாள். ஒரு வண்டி ஓடைக்குள் சாய்ந்து ஒருவருக்குக் கால் முறிந்தது. மச்சான் உடனே வேறு வரைபடம் போட்டார். மணிக்குப் பதிலாக, பாரம் கூடினால் சக்கரத்தில் உரசுகிற தகரம். பல் கூசும் அந்தச் சத்தம். "பிடிச்ச சத்தத்த வச்சு யாரையும் பயமுறுத்த முடியாது, கொழுந்தியா" என்றார். அதையும் இணையத்தில் ஏற்றினேன். சீந்துவார் இல்லை. பழைய வரைபடம் அதற்குள் எல்லார் போனிலும் இருந்தது. கொடுத்துவிட்டோம், இனி திருப்பி வாங்க வழியில்லை.

கடைசியில் மச்சான் ஸ்பேனரும் சாக்குப் பையுமாக ஊர் ஊராக ஏறினார். கெஞ்சியும் அதட்டியும் மணிகளைக் கழற்றினார். ஒருநாள் போன ஊரில் ஒரு பெண் வண்டியை மறித்துக்கொண்டு, "கழட்டாதீகய்யா, வண்டிக்கு அதுதான் உசுரு" என்று அழுதாளாம். இவர் கழற்றினார். தகரத்தைக் கொட்டகையில் வைத்துப் பொருத்தலாம் என்று அதே வண்டியில் இறங்கினார். தேங்காய் மூட்டைகளில் பாதியை அவரே இறக்க வைத்தார். நடுவழியில் கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய கூட்டம் நின்றது.

"அண்ணன் மொதல்ல வேணாம்னுதான் சொன்னாக" என்று வண்டிக்காரர் பிறகு என்னிடம் சொன்னார். "கெழவிக நடக்க மாட்டாமக் கெடந்ததப் பாத்துட்டு, அவுகளே கையக் குடுத்து ஏத்துனாக."

ஸ்பிரிங் அமுங்கியது. இடிக்கக் கம்பி இருந்தது, மணி இல்லை. பெரிய வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. மற்றவர்கள் காயத்தோடு பிழைத்தார்கள். மச்சான் போய்விட்டார்.

பாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. "மணியக் கழட்டுன அன்னைக்கே கவுந்துருச்சே" என்பதுதான் மலை முழுக்கப் பேச்சு. அவர் சாக்கிலிருந்து சரிவில் சிதறிக் கிடந்த மணிகளைப் பொறுக்கி, அவரவர் வண்டியில் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். அகாலத்தில் போனவரைச் சும்மா விடுவார்களா? வளைவில் கல் நட்டார்கள், மஞ்சள் பூசினார்கள். மச்சான் இப்போது வண்டிச்சாமி. அவர் பேரைச் சொல்லித்தான் புது வண்டிகளுக்கு மணி ஏறுகிறது. முதல் வண்டியின் மணியை மட்டும் அக்கா கேட்டு வாங்கி வந்தாள். "என் கண்ணுல படாம நீ வச்சுக்க" என்று என்னிடம் தந்துவிட்டாள். கடைக்கு வருகிற மலை ஊர்க்காரர்களுக்குத் தகர வரைபடத்தை இன்றும் அச்செடுத்துச் சும்மா கொடுக்கிறேன். சாமி கையால் வரைந்தது என்று கண்ணில் ஒற்றி மடித்துக்கொள்கிறார்கள்.

இன்று அந்தக் கல்லுக்கு முதல் பொங்கல். சாமியின் பெஞ்சாதி இல்லாமல் எப்படி என்று காலையில் வந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். போகாதே என்றேன். "அவுகளுக்குத்தான பொங்க வைக்கிறாக. நான் எப்படிடி வரலன்னு சொல்ல?" என்று கிளம்பிவிட்டாள். கூப்பிட வந்த வண்டியின் பெட்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள். "பயப்படாதீகக்கா, மணி அடிக்குதுல்ல. அண்ணன் கூடவே வாராக" என்று வண்டியிலிருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது பொழுது சாய்கிறது. பொங்கல் முடிந்து வண்டிகள் இறங்கத் தொடங்கிவிட்டன. ஆணியில் தொங்கும் மணி துணிக்குள் சும்மா இருக்கிறது. நான் கடையைத் திறந்து போட்டுவிட்டு ரோட்டில் வந்து நிற்கிறேன். மேலே வளைவுக்கு வளைவு மணிகள் விடாமல் அடிக்கின்றன. அக்கா எந்த வண்டியில் இருக்கிறாள் என்று தெரியவில்லை.